அளவுநாடா யார் கையில்?

2007 பிப்ரவரி 5. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், கேம்பிரிட்ஜ் நகரம். உலகப் புகழ்பெற்ற எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில், ப்ரோவோஸ்ட் எனப்படும் கல்வித்துறைத் தலைமை நிர்வாகியின் அலுவலக வாசலில் ஒரு பேராசிரியர் வந்து நின்றார். அன்று காலை முதல் அவர் உணவைத் துறந்திருந்தார். பெயர் ஜேம்ஸ் ஷெர்லி. ஸ்டெம் செல் ஆய்வாளர். கறுப்பினத்தவர். தனக்குப் பணி நிரந்தரம் மறுக்கப்பட்டதில் நிறவெறிக்குப் பங்கு உண்டு என்பது அவர் குற்றச்சாட்டு. அதை நிறுவனம் ஒப்புக்கொண்டு முடிவை மாற்ற வேண்டும் என்பது அவர் கோரிக்கை.

அந்த ஆண்டு நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்த பிறகுதான் இந்தப் பெயரே எனக்குத் தெரியவந்தது. தெரிந்த நாளிலிருந்து அது என்னை விடவில்லை. ஷெர்லி நமக்கு வசதியான நாயகர் அல்லர் என்பதுதான் காரணம். அவரைப் பற்றி நாம் பேசியாக வேண்டும் என்று நான் நினைப்பதற்கும் அதுவே காரணம்.

முதலில் 'டென்யூர்' என்ற ஏற்பாட்டைப் புரிந்துகொள்வோம். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேருபவருக்குச் சில ஆண்டுகள் அவகாசம் தரப்படும். அதற்குள் அவர் தன் ஆய்வை நிலைநிறுத்த வேண்டும். பிறகு அவருடைய கட்டுரைகள், ஆய்வு நிதி, வெளி அறிஞர்கள் எழுதும் மதிப்பீட்டுக் கடிதங்கள் எல்லாம் ஒரு கோப்பாகத் துறைக்கு வரும். துறை வாக்களிக்கும், மேல்மட்டக் குழுக்கள் பார்க்கும். தேறினால் ஆயுள் முழுக்க வேலை. தேறாவிட்டால் வெளியேற வேண்டியதுதான், நடுவழி கிடையாது. கடிதங்களை எழுதியவர் யார், மூடிய அறைக்குள் என்ன பேசினார்கள் என்பது பெரும்பாலும் சம்பந்தப்பட்டவருக்கே தெரியாது.

இந்த ஏற்பாட்டின் நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆட்சியாளருக்கோ பணக்கொடையாளருக்கோ பிடிக்காத உண்மையைச் சொன்னதற்காக ஓர் ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடாது என்பதற்காகவே பணிப் பாதுகாப்பு கேட்கப்பட்டது. அதற்காக 1915இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் முதல் தலைவர் ஜான் டூயி. ஆம், நம் பாபாசாகேப் அம்பேத்கரின் ஆசிரியர் டூயிதான். அந்தச் சங்கம் உருவான நாள்களில் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக நியூயார்க்கில் இருந்தார். கல்விச் சுதந்திரம் என்பது மேட்டுக்குடிப் பேராசிரியர்களின் சொகுசுப் பேச்சு என்று நம்மில் சிலர் ஒதுக்கிவிடுவது உண்டு. அது அவ்வளவு தூரத்துச் சரக்கு அல்ல.

ஷெர்லி 1998இல் எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். வளர்ந்த மனித உடலின் திசுக்களில் இருக்கும் ஸ்டெம் செல்கள் எப்படிப் பிரிகின்றன, அவற்றை ஆய்வகத்தில் பெருக்குவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பது அவருடைய ஆய்வு. 2005 தொடக்கத்தில், அவரைப் பணி நிரந்தரத்துக்குப் பரிந்துரைக்கப் போவதில்லை என்று துறை முடிவெடுத்தது. அவர் மேல்முறையீடு செய்தார். தனக்குத் தனி ஆய்வகப் பரப்பு தரப்படவில்லை, தன் கோப்பை மதிப்பிட்ட முறையிலேயே கோளாறு என்றெல்லாம் முறையிட்டார். இதற்கிடையே 2006இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் அவருக்கு 'பயனியர்' விருதை அறிவித்தது. துணிச்சலான புது ஆய்வுகளுக்கென்றே தரப்படும் விருது அது. ஐந்து ஆண்டுகளுக்கு 25 லட்சம் டாலர் நிதி. நாட்டின் முதன்மையான ஆய்வு நிதி அமைப்பு முன்னோடி என்று அடையாளம் காட்டிய ஒருவரை அவருடைய நிறுவனம் தேறாதவர் என்றது. அந்த ஆண்டின் முடிவில் ப்ரோவோஸ்டும் துறையின் முடிவையே உறுதிசெய்தார்.

அதன் பிறகுதான் பட்டினி.

உண்ணாநிலை என்றால் நமக்கு எரவாடா நினைவுக்கு வரும். 1932 செப்டம்பரில் காந்தி தன் உயிரைப் பணயம் வைத்து ஒடுக்கப்பட்டோரின் தனி வாக்காளர் தொகுதி உரிமையைப் பறித்த வரலாறு நம் நெஞ்சில் இருக்கிறது. ஆகவே பட்டினி கிடப்பவர் சொல்வதெல்லாம் நியாயம் என்று நாம் ஒருபோதும் நம்பப்போவதில்லை. பட்டினி ஒரு வாதம் ஆகாது. ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். எரவாடாவில் நாடே தன் பின்னால் நின்ற ஒருவர், ஆதரவற்ற மக்களுக்கு எதிராகப் பட்டினியை ஆயுதமாக்கினார். கேம்பிரிட்ஜில் எல்லா முறையீட்டுக் கதவுகளும் மூடிய பிறகு ஒரு தனி மனிதர் ஒரு பெரும் நிறுவனத்துக்கு எதிராக வாசலில் நின்றார்.

12 நாள்கள் நின்றார். பிப்ரவரி 16 அன்று போராட்டத்தை முடித்துக்கொண்டார். பேச்சு தொடரும் என்று நிறுவனம் சொன்னது. நோம் சோம்ஸ்கி உள்ளிட்ட சில பேராசிரியர்கள் அவருக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார்கள். அவருடைய துறையைச் சேர்ந்த பேராசிரியர்கள் பலர், இந்த முடிவில் நிறத்துக்கு எந்தப் பங்கும் இல்லை என்று பகிரங்கமாக மறுத்தார்கள். கடைசியில் எதுவும் மாறவில்லை. ஜூன் 30உடன் பணி முடிகிறது என்பதில் நிறுவனம் உறுதியாக நின்றது. ஆய்வகத்தின் பூட்டு மாற்றப்பட்டது. அதே நிறுவனத்தில் ஒரு மருத்துவ ஆய்வு மையத்தின் இயக்குநராக இருந்த பிராங்க் டக்ளஸ் என்ற மற்றொரு கறுப்பினப் பேராசிரியர், ஷெர்லி நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்துத் தன் பதவியைத் துறந்தார்.

இதுவரை கேட்டவர்களுக்கு ஷெர்லியின் பக்கம் நிற்பதில் தயக்கம் இருக்காது. இனிதான் சங்கடம். கருவிலிருந்து எடுக்கப்படும் ஸ்டெம் செல் ஆய்வை ஷெர்லி கடுமையாக எதிர்த்தவர். கரு ஒரு மனித உயிர், அதை அழித்துச் செய்யும் ஆய்வு கூடாது என்று வெளிப்படையாகப் பேசினார். அமெரிக்காவில் இது கிறித்தவ வலதுசாரிகளின் நிலைப்பாடு. 2001இல் அதிபர் புஷ் இந்த ஆய்வுக்கான அரசு நிதிக்குக் கடும் வரம்பு விதித்தார். 2009இல் ஒபாமா அந்த வரம்பைத் தளர்த்தியபோது, எதிர்த்து நீதிமன்றம் போனவர்களில் முதல் பெயரே ஷெர்லியுடையது. 2010 ஆகஸ்டில் அந்த வழக்கில் இடைக்காலத் தடை வந்து, நாடு முழுக்க ஆய்வகங்கள் திகைத்துப் போயின. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது. 2013இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்ததோடு விவகாரம் முடிந்தது.

கரு ஆய்வு குறித்து அவர் எடுத்த நிலைப்பாட்டை நான் ஏற்கவில்லை. அது வென்றிருந்தால் பல நோயாளிகளின் நம்பிக்கை பறிபோயிருக்கும், பெண்ணின் உடல் உரிமையை மறுப்பவர்களின் கை வலுத்திருக்கும். ஆனால் இதைக் காரணம் காட்டி அவருடைய நிறவெறிப் புகாரைக் கைகழுவிவிடலாமா?

கூடாது. நமக்குப் பிடித்த கருத்துள்ளவருக்கு மட்டும் தரப்படுவது சுதந்திரம் ஆகாது, அது சலுகை. இன்னொரு வரலாறும் இருக்கிறது. அமெரிக்கக் கல்விச் சுதந்திர இயக்கத்துக்குத் தூண்டுகோலாக இருந்த வழக்கு, 1900இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திலிருந்து எட்வர்ட் ராஸ் என்ற சமூகவியலாளர் வெளியேற்றப்பட்டது. பல்கலைக்கழகத்தை நிறுவிய குடும்பத்துக்கு அவர் பேச்சு பிடிக்கவில்லை. அந்தப் பேச்சு என்ன தெரியுமா? ஆசியக் குடியேறிகளை நாட்டுக்குள் விடக்கூடாது என்ற பச்சையான இனவெறி. அவரை வெளியேற்றியதைக் கண்டித்துப் பதவி விலகிய தத்துவப் பேராசிரியர் ஆர்தர் லவ்ஜாய்தான் பின்னர் டூயியுடன் சேர்ந்து 1915இன் சங்கத்தைக் கட்டினார். ராஸின் கருத்து அருவருப்பானது. அதற்கு மறுமொழி சொல்ல வேண்டியவர்கள் சக அறிஞர்களும் மக்களும். பணப்பெட்டியின் சாவி வைத்திருந்தவர் அதைத் தீர்மானித்ததுதான் அன்று பிரச்சினையானது. இன்று நம் நாட்டில் அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை யோசித்துப் பார்த்தால், இந்தக் கோட்பாடு முதலில் யாருக்குத் தேவைப்படும் என்பது புரியும்.

பணப்பெட்டி என்றதும் இன்னொரு வழக்கு. இக்னாசியோ சபேலா மெக்சிகோவில் பிறந்த நுண்ணுயிர்ச் சூழலியலாளர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஆசிரியர். 1998இல் நோவார்ட்டிஸ் நிறுவனம் அங்குள்ள தாவர, நுண்ணுயிரியல் துறைக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 2.5 கோடி டாலர் தர ஒப்பந்தம் போட்டபோது, சபேலா அதை எதிர்த்தார். 2001இல் அவரும் அவருடைய மாணவர் டேவிட் குவிஸ்ட்டும் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மக்காச்சோளத்தின் தாயகமான மெக்சிகோவின் ஓக்சாகா மலைப்பகுதியில், பழங்குடி உழவர்களின் நாட்டு ரகங்களில் மரபணு மாற்றுப் பயிரின் கூறுகள் கலந்துவிட்டன என்றது அது. பெரும் தாக்குதல் கிளம்பியது. 2002 ஏப்ரலில், இந்தக் கட்டுரையை வெளியிட்டிருக்கப் போதிய சான்று இல்லை என்று இதழே அறிவித்தது.

விமர்சனம் முழுக்கச் சதி என்று நான் சொல்லமாட்டேன். புகுந்த மரபணுத் துண்டுகள் சிதறி இடம் மாறுகின்றன என்ற அவருடைய இரண்டாவது முடிவு, பயன்படுத்திய சோதனை முறையின் பிழையாக இருக்கலாம் என்று வல்லுநர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. கலப்பு நடந்திருக்கிறது என்ற முதல் முடிவைப் பிற்கால ஆய்வுகளில் ஒன்று கண்டறியவில்லை, 2009இல் வந்த மற்றொன்று உறுதிசெய்தது. அறிவியல் இப்படித்தான் நகரும். ஆனால் அவருடைய வேலை அப்படி நகரவில்லை. துறையில் 32 பேர் ஆதரவாகவும் ஒருவர் எதிராகவும் வாக்களித்த பிறகும், மேல்மட்டக் குழுவின் முடிவையொட்டி 2003 நவம்பரில் பல்கலைக்கழகம் அவருக்குப் பணி நிரந்தரத்தை மறுத்தது. முடிவு இழுத்தடிக்கப்பட்ட அந்தக் கோடையிலேயே சபேலா நிர்வாகக் கட்டடத்தின் வாசலில் மேசை நாற்காலி போட்டு, இரவு பகலாக அங்கேயே அமர்ந்து மாணவர்களைச் சந்தித்தார். நோவார்ட்டிஸ் ஒப்பந்தம் பற்றி மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வல்லுநர்கள் 2004இல் தந்த ஆய்வறிக்கை, அவருக்கு நேர்ந்ததில் அந்த ஒப்பந்தத்துக்கும் பங்கு உண்டு என்றே சொன்னது. மாணவர்களும் சக ஆசிரியர்களும் விடவில்லை. அவரும் வழக்குத் தொடுத்தார். 2005 மே மாதம், புதிய வேந்தரின் நிர்வாகத்தில் பணி நிரந்தரம் கிடைத்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். கல்விச் சுதந்திரம் என்ற கொடியை யார் வேண்டுமானாலும் தூக்கலாமா? ஷெர்லி பட்டினி கிடந்த அதே 2007இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் கில்லர்மோ கோன்சாலஸ் என்ற வானியலாளருக்குப் பணி நிரந்தரத்தை மறுத்தது. பிரபஞ்சத்தைத் திட்டமிட்டு வடிவமைத்த ஓர் அறிவு இருக்கிறது என்ற கருத்தை ஆதரித்துப் புத்தகம் எழுதியவர் அவர். படைப்புவாத அமைப்புகள் அவரைத் தியாகியாக்கின. நாளைக்கு இங்கேயும் பஞ்சகவ்ய ஆராய்ச்சிக்கும் புராண விமானத்துக்கும் இதே கொடி தூக்கப்படலாம். அப்போது என்ன செய்வோம்?

என் பதில் எளிமையானது. ஒருவருடைய அறிவியல் தரமானதா என்று மதிப்பிட அந்தத் துறைக்கு உரிமை உண்டு. சரிபார்க்க வழியில்லாத கூற்றை அறிவியல் என்று ஏற்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அதே நேரம், மதிப்பிட்டது எப்படி என்று கேட்கும் உரிமை மதிப்பிடப்பட்டவருக்கு உண்டு, கோன்சாலஸுக்கும் உண்டு. அயோவா ஓர் அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் சக ஆசிரியர்களின் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. வெளியானவற்றை வைத்து இரு தரப்பும் பகிரங்கமாக வாதாட முடிந்தது. அவருடைய மேல்முறையீடுகள் தோற்றன. ஆனால் ஆவணம் கையில் இருந்தது. பகுத்தறிவாளர்களான நாம் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. திறந்த கோப்பு பொய்யனைவிட உண்மை பேசுபவனுக்கே அதிகம் உதவும்.

ஷெர்லிக்கு வருவோம். அவரை வெளியேற்றியது நிறமா, அறிவியல் கருத்தா, உண்மையிலேயே ஆய்வின் தரமா? வெளியே நிற்கும் எவராலும் தீர்ப்புச் சொல்ல முடியாதபடி அமைக்கப்பட்ட ஏற்பாடு அது. மூடிய அறைக்குள் அளந்துவிட்டு, அளவுகோலைக் காட்ட மறுத்துவிட்டு, 'எங்களுக்கு நிறம் தெரியாது, தகுதி மட்டுமே தெரியும்' என்று சொல்லும் ஏற்பாடு. இந்தக் குரல் நம் காதுக்குப் பழகிய குரல்.

இந்தக் குரலுக்கு விடை சொல்லும் வழியை அதே எம்.ஐ.டி.யில் ஒரு பெண் காட்டியிருந்தார். மூலக்கூறு உயிரியலாளர் நான்சி ஹாப்கின்ஸ், 1990களின் தொடக்கத்தில் வரிக்குதிரை மீன்களை வைத்து ஆய்வு தொடங்க, மீன் தொட்டிகளுக்குக் கொஞ்சம் இடம் கேட்டார். கிடைக்கவில்லை. ஆண் பேராசிரியர்களைவிடத் தனக்கு இடம் குறைவு என்றார். யாரும் நம்பவில்லை. ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு ஆய்வகம் ஆய்வகமாக அளந்தார். 1994இல் எம்.ஐ.டி.யின் அறிவியல் புலத்தில் பணி நிரந்தரம் பெற்ற ஆண்கள் 194, பெண்கள் 15. அந்தப் பெண்கள் ஒன்றுகூடினார்கள். சம்பளம், இடம், நிதி, குழுப் பொறுப்புகள் என்று கணக்கெடுத்தார்கள். 1999இல் வெளியான அறிக்கையில் நிறுவனத் தலைவரே பாகுபாடு உண்மை என்று ஒப்புக்கொண்டார். 'எனக்கு அநீதி நடந்தது' என்று ஒருவர் சொன்னால் அது மனக்குறை என்று தள்ளப்படும். 'எங்கள் ஆய்வகம் இத்தனை சதுர அடி, அவர்களுடையது இத்தனை' என்று பலர் சேர்ந்து சொன்னால் தள்ள முடியாது.

ஷெர்லி விவகாரத்துக்குப் பிறகு கறுப்பின, சிறுபான்மை ஆசிரியர்களின் நிலை குறித்தும் அந்த நிறுவனம் கணக்கெடுத்தது. 2010இல் அந்த அறிக்கை வந்தது. அனைவரையும் சேர்த்துக்கொள்வதும் உயர்தரமும் ஒன்றோடொன்று மோதுபவை என்ற எண்ணம் வளாகத்துக்குள் ஊறிக்கிடப்பதை அது பதிவுசெய்தது. ஷெர்லிக்கு அது பயன்படவில்லை. ஆனால் அடுத்து வருபவர் வெறுங்கையோடு வாசலில் நிற்க வேண்டியதில்லை.

இங்கே அந்த நாடா யார் கையில் இருக்கிறது?

2007இலேயே, பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான குழு டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை வளாகத்தில் பட்டியலின, பழங்குடி மாணவர்களிடம் நேரடியாகக் கேட்டுப் பாகுபாட்டைப் பதிவுசெய்தது. விடுதி, வகுப்பறை, வாய்மொழித் தேர்வு எதுவும் தப்பவில்லை. அதைத் தொடர்ந்து எல்லா உயர்கல்வி நிறுவனங்களிலும் ஆண்டுதோறும் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவேயில்லை. நடப்பது வேறு. ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆசிரியர் நேர்காணல் நடக்கும். முடிவு வரும்போது பெயருக்குப் பதில் மூன்று எழுத்து இருக்கும்: என்.எப்.எஸ். பொருத்தமானவர் எவரும் கிடைக்கவில்லை என்று பொருள்.

எங்கள் ஆய்வகத்து அக்கா ஒருவர் அப்படியொரு நேர்காணலுக்குப் போனார். முனைவர் பட்டம், தேசியத் தகுதித் தேர்வு, நல்ல இதழ்களில் கட்டுரைகள் எல்லாம் இருந்தன. முதல் கேள்வி அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பது. பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். சில மாதங்கள் கழித்து இணையதளத்தில் அந்த மூன்று எழுத்து. காரணம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. அவர் பட்டினி கிடக்கவில்லை. ஒரு தனியார் கல்லூரியில் வாரத்துக்கு 20 மணி நேரம் வகுப்பெடுக்கிறார்.

ஒதுக்கீட்டு இடம் காலியாகவே இருந்தால் அதைப் பொதுப் பிரிவுக்கு மாற்றலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் வரைவு வழிகாட்டுதல் ஒன்று சொன்னது. 2024 ஜனவரியில் கடும் எதிர்ப்பு எழுந்த பிறகே, அப்படி எதுவும் நடக்காது என்று ஒன்றியக் கல்வி அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிட ஒதுக்கீட்டுக்கு 2019இலேயே சட்டம் இருக்கிறது. சட்டம் இடத்தை ஒதுக்கும். மூடிய அறை அதைக் காலியாக வைத்திருக்கும். காலியாக இருக்கிறதே என்று பிறகு ஒரு வரைவு வரும். இந்தச் சுழற்சியை 'தகுதி' என்ற ஒற்றைச் சொல்தான் ஓட்டுகிறது.

ஆகவே கல்விச் சுதந்திரமும் சமூகநீதியும் வேறு வேறு கோரிக்கைகள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளேயே விடப்படாதவருக்கு எந்தச் சுதந்திரமும் இல்லை. உள்ளே போனவரும் காரணம் சொல்லப்படாமல் வெளியேற்றப்பட முடியும் என்றால், அவர் வாயைத் திறக்கமாட்டார். நிராகரிப்பின் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். ஆதாயத் தொடர்பு உள்ளவர் தேர்வுக் குழுவில் அமரக்கூடாது. மேல்முறையீட்டை விசாரிப்பவர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் அழைக்கப்பட்டார்கள், எத்தனை பேர் தேர்வானார்கள், எத்தனை இடம் என்.எப்.எஸ். ஆனது என்பது சமூகப் பிரிவு வாரியாக ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். ஷெர்லிக்கும் சபேலாவுக்கும் எங்கள் அக்காவுக்கும் ஒரே நேரத்தில் பயன்பட்டிருக்கக்கூடிய கோரிக்கைகள் இவை.

அவை தானாக வராது. ஹாப்கின்ஸ் யாரிடமும் அனுமதி கேட்டு அளக்கவில்லை. நமக்கு 2005 முதல் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகத்தின் கடைசி மூன்று ஆசிரியர் அறிவிக்கைகளை எடுங்கள். விண்ணப்பங்கள் எத்தனை, நேர்காணல் குழுவில் பட்டியலின, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட பிரிவுகளைச் சேர்ந்த உறுப்பினர்கள் எத்தனை பேர், என்.எப்.எஸ். எத்தனை, ஒவ்வொன்றுக்கும் பதிவான காரணம் என்ன என்று கேட்டு மனுப் போடுங்கள். ஒருவர் போட்டால் மிரட்டுவார்கள், பத்துப் பேராகப் போடுங்கள். வரும் பதில்களை ஒன்றுசேர்த்துப் பொதுவில் வையுங்கள். பதில் மறுக்கப்பட்டால் அந்த மறுப்பையும் சேர்த்து வையுங்கள்.

எங்கள் வளாகத்தில் போன மாதம் தொடங்கிவிட்டோம். முதல் மனுவில் முதல் கையெழுத்து அக்காவுடையது.